குப்பை லாரி வரும் நேரம்

வெளிநாட்டிலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு எங்கள் நிறுவனத்தில் அரைநாள் வகுப்பு ஒன்று உண்டு. நிலநடுக்கம் வந்தால் எங்கே நிற்பது, சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். 'யூ' எழுத்து மாதிரி ஒரு வளைகோடு. இடது மேல்முனையில் 'தேனிலவு'. கீழே பள்ளத்தில் 'கலாச்சார அதிர்ச்சி'. வலது பக்கம் ஏறும் இடத்தில் 'பழக்கம்'. எல்லாருக்கும் நடப்பதுதான், கவலை வேண்டாம் என்று சிரித்துவிட்டு மனிதவளத் துறைப் பெண் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு அந்தப் படத்தின் மேல் முதல் நாளிலிருந்தே கோபம். செங்குத்து அச்சில் அலகு இல்லை. மகிழ்ச்சியை எதில் அளந்தார்கள்? எங்கள் துறைக் கூட்டத்தில் அலகு போடாத வரைபடத்தைக் காட்டினால் மேலாளர் எழுந்து போய்விடுவார். பிறகு அதன் மூலத்தைத் தேடிப் படித்தேன். 1955-இல் ஸ்வேரே லிஸ்கோர்ட் என்ற நார்வே சமூகவியலாளர் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய கோடு அது. ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்த நார்வேக்காரர்கள் இருநூறு பேரை வைத்துச் செய்த ஆய்வு. 6 மாதத்துக்குக் குறைவாக அங்கே இருந்தவர்களும் 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாக இருந்திருக்கிறார்கள். நடுவில் மாட்டியவர்களுக்குத்தான் திண்டாட்டம். அந்த அதிர்ச்சி என்ற சொல்லைப் பரப்பியவர் கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர். 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பெண்கள் மன்றத்தில் பேசிய பேச்சு அது. ஆக, ஆஸ்லோவிலிருந்து அமெரிக்கா போனவர்களின் மனநிலைக் கோட்டில், பெடோங்கிலிருந்து தைவான் வந்த நான் எந்தப் புள்ளியில் நிற்கிறேன் என்று தேடிக்கொள்ள வேண்டும்.

நான் இருப்பது சின்ச்சுவில். தைவானின் வடமேற்கில், 1980-இல் தொடங்கிய அறிவியல் பூங்காவைச் சுற்றி வளர்ந்த ஊர். உலகத்தின் சில்லுகளில் கணிசமானவை இங்கே பிறக்கின்றன. நிபோங் திபாலில் பொறியியல் படித்துவிட்டு, பாயான் லெப்பாஸில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, 2023 ஆகஸ்டில் இங்கே வந்தேன். ஏன் வந்தேன் என்று கேட்பவர்களிடம் 'அனுபவம்', 'வளர்ச்சி' என்றெல்லாம் சொல்வதுண்டு. சம்பளம்தான். அப்பாவுக்கு முட்டி போய்விட்டது. தாமான் வீட்டுக் கடன் இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது.

முதலில் போனது பொட்டு. வேஃபர் செய்யும் கிளீன்ரூமுக்குள் ஒப்பனை கூடாது. முகப்பவுடர் கூடாது. தோலிலிருந்து உதிரும் எதுவும் அங்கே எதிரி. தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடை, முகமூடி, இரட்டைக் கையுறை. கண் மட்டும்தான் வெளியே. "திருநீறு பூசிட்டுத்தானே போறே?" என்று அம்மா போனில் கேட்பார். திருநீறு என்பது மிக நுண்ணிய சாம்பல் துகள், நான் சம்பளம் வாங்குவதே அப்படிப்பட்ட துகளை விரட்டுவதற்கு என்று அம்மாவுக்கு எப்படிச் சொல்ல? பூசிக்கொண்டு கிளம்பி, உடைமாற்றும் அறைக்கு முன்னால் ஈரத்தாளால் நெற்றியைத் துடைத்துவிட்டுப் போவேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த உடைக்குள் போனபிறகு நான் யார் என்று யாரும் கேட்டதில்லை. கேள்வியெல்லாம் வெளியே வந்தபிறகுதான்.

"இந்தியாவா?" மலேசியா. "ஓ, மலேசியா! அப்படியென்றால் மாண்டரின் பேசுவீர்களே?" இல்லை. "மலாய்க்காரரா?" இல்லை. இந்த இடத்தில் கேட்பவர் முகத்தில் ஒரு சின்னத் திணறல் வரும். அவர்கள் மேல் தப்பில்லை. தைவானுக்குத் தெரிந்த மலேசியா என்பது சீன மலேசியா. இங்கே படிக்க வந்து தங்கிவிட்டவர்கள், பாடகர்கள், எழுத்தாளர்கள். இயக்குநர் சாய் மிங்-லியாங் கூச்சிங்கில் பிறந்தவர். எழுத்தாளர் இங் கிம் சியூ ஜொகூர்க்காரர். அவர் கதைகளில் வருகிற ரப்பர் காடு என் பாட்டி பால் வெட்டிய காட்டிலிருந்து அவ்வளவு தூரமில்லை. ஆனால் என்னைப் பார்த்தால் யாருக்கும் அந்த ரப்பர் காடு நினைவுக்கு வராது.

எங்கள் பிரிவில் ஈப்போவைச் சேர்ந்த சீனப் பையன் ஒருவன் இருக்கிறான். வந்த புதிதில் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். மொழி இருக்கிறது, முகம் இருக்கிறது, அவனுக்கென்ன? ஒருநாள் சாப்பிடும்போது, "நான் வாயைத் திறந்தாலே இவர்கள் சிரிக்கிறார்கள், தெரியுமா?" என்றான். அவனுடைய மாண்டரினில் வருகிற 'லா'வையும் 'மா'வையும் பக்கத்து மேசைக்காரர்கள் அவன் முன்னாலேயே நடித்துக் காட்டுவார்களாம். கேலியில்லை, பிரியம்தான் என்று அவனே சொன்னான். இருந்தாலும் என்னிடம் பேசும்போதுதான் வாய்க்கு ஓய்வாக இருக்கிறதென்று, மலாயையும் ஆங்கிலத்தையும் ரோஜாக் பண்ணிப் பேசுவான். ஆறு மாதத்தில் சம்பளம் அதிகமென்று வேறு ஊர் போய்விட்டான்.

சோறு இங்கே ஒட்டும். குழம்பு ஊற்றினால் மேலேயே நிற்கும், உள்ளே இறங்காது. 'கறி' என்று எழுதிய கடையில் கிடைப்பது ஜப்பானியர் மாதிரி செய்த இனிப்புக் குழம்பு. சைவக் கடைகள் நிறைய உண்டு. வேண்டியதை எடுத்துத் தட்டில் போட்டு எடைக்குக் காசு கொடுக்கலாம், வாய் திறக்கத் தேவையில்லை. நான் அசைவக்காரி. வாய் திறக்கத் தேவையில்லை என்பதற்காக நாலு மாதம் சைவம் சாப்பிட்டேன்.

அக்டோபரில் காற்று தொடங்கும். சின்ச்சுவுக்குக் 'காற்று நகரம்' என்றே பெயர். இந்தக் காற்றில் உலர்த்தித்தான் இவ்வூர் மீஹூன் பேர் வாங்கியது. வடகிழக்கிலிருந்து வந்து, தென்சீனக் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு, கிளந்தானிலும் திரங்கானுவிலும் வெள்ளமாக இறங்குவது இதே பருவக்காற்றுதான். வாடை என்ற சொல்லைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். எங்கள் ஊரில் வாடை என்றால் நாற்றம். வாடைக்காற்று என்றால் என்னவென்று எனக்கு இங்கேதான் தெரிந்தது. வீட்டுக்குள் கதகதப்புக்கு எந்த ஏற்பாடும் கிடையாது. வெளியே 12 டிகிரி என்றால் உள்ளேயும் ஏறக்குறைய அதேதான். துணி காயாது. நாலாம் மாடி அறையில் ஜன்னல் இரவெல்லாம் விசில் அடிக்கும்.

தீபாவளிக்குத் தனியாக இருந்தால் அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழவில்லை. அன்றைக்கு ஊரில் எல்லாரும் படம் அனுப்பினார்கள், நானும் பதில் அனுப்பினேன், பொழுது போய்விட்டது. நான் உடைந்தது சீனப் பெருநாளில். மலேசியாவில் வளர்ந்தவளுக்குச் சீனப் பெருநாள் என்றால் சத்தம். மாண்டரின் ஆரஞ்சு, ஆங்பாவ், அப்பாவின் தௌக்கே வீட்டில் சாப்பாடு. அதிலும் எனக்கு ஒரு பங்கு உண்டென்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. இங்கே பெருநாள் வீட்டுக்குள் நடக்கிறது. பூங்காவின் பொறியாளர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். எல்லாரும் பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டார்கள். 2024 பிப்ரவரி 10, பெருநாள். கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கிக் கிடந்தன. குப்பை லாரிகூட சில நாள் வராது. ஐந்தாம் நாள் செவன்-இலெவனில் 'பை வேண்டாம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை, கரகரவென்று காற்றுதான் வந்தது. அதுவரை எல்லாம் வாட்ஸப் எழுத்துதான், நாலு நாளாக வாயே பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது குப்பை லாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தைவானில் குப்பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு வர முடியாது. குப்பை தரையைத் தொடக்கூடாது என்பது கொள்கை. லாரி தினமும் ஒரே நேரத்துக்கு வரும் (வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை). நாமே கையில் பையோடு காத்திருந்து, லாரியின் பின்னால் வீச வேண்டும். பின்னாலேயே மறுசுழற்சி வண்டி. சோறு கறி மிச்சத்துக்குத் தனி வாளி. லாரி வருவதற்கு அடையாளம் பாட்டு. ஒன்று பீத்தோவனின் 'ஃபூர் எலிஸ்', இல்லாவிட்டால் தெக்லா பதார்செவ்ஸ்கா என்ற போலந்துக்காரி இசையமைத்த 'கன்னியின் பிரார்த்தனை'. எங்கள் தெருவுக்குக் கன்னியின் பிரார்த்தனை. முதல் வாரம் ஐஸ்கிரீம் வண்டி என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். நினைக்காத மலேசியர் கிடையாது.

ஆக, மாலை ஏழே கால் மணிக்குத் தெருவே வாசலில் நிற்கும். செருப்போடு, நைட்டி மாதிரி உடையோடு, ஈரத் தலையோடு. ஆலையிலும் மாடிப்படியிலும் யாரையும் இப்படிப் பார்க்க முடியாது. இந்தப் பத்து நிமிடம் மட்டும் இது ஒரு கம்பம். அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் தலையில் முக்காடு போட்ட இந்தோனேசியப் பெண்கள் என்பதைக் கவனிக்க எனக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது. வீட்டில் முதியவர்களைப் பராமரிக்க வந்தவர்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சக்கர நாற்காலி, அதில் ஒரு பாட்டியோ தாத்தாவோ. இவர்களுக்குத் தைவானின் அடிப்படைத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது. அதனால் வார விடுமுறை என்பது முதலாளி மனசு வைத்தால்தான். பல பேருக்குக் குப்பை லாரி நேரம்தான் ஊர்க்காரியின் முகத்தைப் பார்க்கும் நேரம். லாரி ஏழரைக்குப் போய்விட்டாலும் எட்டு மணி வரை வாளியை ஆட்டிக்கொண்டே நிற்பார்கள்.

பெருநாள் முடிந்து லாரி வந்த முதல் நாள் எல்லார் கையிலும் ஒரு வாரத்துக் குப்பை. என் பக்கத்தில் நின்ற பெண்ணின் பை கிழிந்து, ஆரஞ்சுத் தோலும் எலும்பும் அவர் காலில் கொட்டியது. "அடுஹ்!" என்றார். நான் யோசிக்கவேயில்லை. "அலாமாக், காக், தாப்பா, சாயா தோலோங்," என்று குனிந்து அள்ள ஆரம்பித்துவிட்டேன். நிமிர்ந்தால் அவர் அப்படியே நிற்கிறார். இந்த முகத்திலிருந்து இந்த மொழியா?

நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். மலாய் எனக்குத் தேர்வு மொழி, மனு எழுதும் மொழி, ஜேபிஜே கவுண்டரில் பேசும் மொழி. நன்றாகவே வரும், எஸ்.பி.எம்.மில் ஏ. ஆனால் அதில் நான் யாரிடமும் மனசு விட்டுப் பேசியதில்லை. தைவானில் ஒரு தெருமுனையில், கையில் மீன் முள்ளோடு, அந்த மொழி என் வாயிலிருந்து தானாக வந்தது. வந்ததும் கண் கலங்கியது. நல்லவேளை, எல்லார் கண்ணும் அந்தக் காற்றில் கலங்கித்தான் இருந்தது.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கிழக்கு ஜாவாக்காரர், நாற்பது வயதிருக்கும். 'காக்' என்று கூப்பிட்டேன். "ஜாவாவில் ம்பாக்," என்று திருத்தினார். நான் அவருக்கு 'டெக்', தங்கச்சி. இங்கே வருவதற்கு முன் நாலு வருடம் ஈப்போவில் ஒரு வீட்டில் வேலை பார்த்தவர். மலேசியத் தமிழ் வீட்டுச் சாம்பார் வாசனைகூட அவருக்குத் தெரியும், பக்கத்து வீட்டிலிருந்து வருமாம். அந்த நாலு வருடத்தைப் பற்றி அதற்குமேல் சொல்லமாட்டார். நானும் கேட்டதில்லை.

எங்கள் இரண்டு மொழியும் ஒன்று மாதிரி இருக்கும், இருக்காது. ஒரு திங்கட்கிழமை, "நேத்து தைப்பேயில் ஒரே பூசிங்," என்றேன். எங்கள் மலாயில் பூசிங் என்றால் சுற்றுவது. அவர் முகம் மாறியது. மறுநாள் ஒரு மஞ்சள் பொட்டலத்தை என் கையில் திணித்தார், 'தோலாக் ஆங்கின்'. இந்தோனேசியர்களுக்குப் பூசிங் என்றால் தலைசுற்றல். நேற்றெல்லாம் நான் தலை சுற்றிக் கிடந்ததாக நினைத்துவிட்டார். உடம்புக்குள் காற்றுப் புகுந்துவிட்டால் அதைத் தள்ளும் மூலிகைச் சாறு அது. காற்று நகரத்தில் அதைவிடப் பொருத்தமான மருந்து கிடைக்காது. இஞ்சியும் தேனும் புதினாவும், எங்கள் பாட்டி கஷாயம் மாதிரிதான்.

அவர் பார்த்துக்கொண்ட பாட்டிக்கு 88 வயது. ஹொக்கியன் மட்டும்தான் பேசுவார். ஹொக்கியனில் பாட்டி என்றால் 'ஆமா'. ஒருநாள் லாரிக்காகக் காத்திருக்கும்போது அப்பா வீடியோவில் வந்தார். அப்பா சுங்கை பட்டாணியில் ஒரு ஹொக்கியன் தௌக்கேயின் இரும்புக்கடையில் 22 வருடம் லாரி ஓட்டியவர். படிவம் மூன்றோடு படிப்பை விட்டவர். குப்பை லாரியைக் காட்டு என்றுதான் கேட்டார், லாரி என்றால் அவருக்கு எந்த நாட்டு லாரியும் பார்க்க வேண்டும். கேமராவைத் திருப்பும்போது சக்கர நாற்காலி உள்ளே வந்துவிட்டது. "யாரும்மா அது, கிழவி?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் உரக்க, "சியா பா போய்?" என்றார். சாப்பிட்டாச்சா.

பாட்டி அதுவரை யாரிடமும் பெரிதாகப் பேசிப் பார்த்ததில்லை. மெல்லத் திரும்பி, என் கையிலிருந்த திரையில் மீசை வைத்த ஒரு கறுத்த மனிதரைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குப் பாதி தெரியாது. அப்பா பினாங்குப் பக்கத்து ஹொக்கியனில் காசுக்கு 'லுய்' என்றார். அது மலாய் 'டுயிட்'டிலிருந்து வந்தது என்பார்கள், பாட்டிக்குப் புரியவில்லை. சோப்புக்குப் பாட்டி 'சப்புன்' என்றதும் ம்பாக், "சாபுன்! நாங்களும் அதுதான்!" என்று குதித்தார். அப்பா பழக்கதோஷத்தில் தமிழில் "ஆமா, ஆமா" என்று தலையாட்ட, பாட்டி தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ஒவ்வொரு முறையும் "ஹா? ஹா?" என்றார். லாரி வந்து போய்விட்டது. குப்பை மூன்று பேர் கையிலும் அப்படியே இருந்தது.

இரவு அம்மா சொன்னார், அப்பா வீட்டில் அதையே நாலு தடவை சொன்னாராம். "அவ்வளவு படிச்சிட்டுப் போன உனக்கு அங்க பேச ஆளில்ல, எனக்கு இருக்கு பாத்தியா?" என்று.

ஏப்ரல் 3, 2024, காலை 7:58. ஹுவாலியன் நிலநடுக்கம், தைவான் கணக்கில் 7.2. கெடாவில் பிறந்தவளுக்குத் தரை என்பது ஆடாத பொருள். கட்டில் நகர்ந்தது, நான் மேசைக்கடியில் போகவில்லை, வகுப்பில் சொன்ன எதுவும் ஞாபகம் வரவில்லை. ஆட்டம் நின்றதும் செருப்பில்லாமல் நாலு மாடி இறங்கினேன். தெருவில் ம்பாக் பாட்டியை முதுகில் சுமந்துகொண்டு நின்றார். நாற்காலி உள்ளேயே இருந்தது. அந்த உடம்பில் எங்கிருந்து அவ்வளவு பலம்? பாட்டி என்னைப் பார்த்து, என் வெறுங்காலைக் காட்டி, ஏதோ திட்டினார். அரை மணியில் ஆலையிலிருந்து அழைப்பு, எந்திரங்களைச் சரிபார்க்க ஓட வேண்டியதாயிற்று.

அடுத்த வாரமே நோன்புப் பெருநாள். அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை ம்பாக்குக்கு விடுமுறை கிடைத்தது, என்னையும் தைப்பே மத்திய ரயில் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பெரிய கூடம். ஞாயிறானால் இந்தோனேசியர்கள் அதன் தரையில் வட்டம் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். 2020-இல் அப்படி உட்காருவதைத் தடை செய்யப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பி, பிறகு விட்டுவிட்டார்கள். நெற்றியில் பொட்டோடு (ஞாயிறு அல்லவா) நான் அந்தத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ரெண்டாங்கும் லொந்தோங்கும் சாப்பிட்டேன். சாய் மிங்-லியாங் 2006-இல் கோலாலம்பூரில் எடுத்த 'தனியாக உறங்க விரும்பவில்லை' படத்தில், அடிபட்டுக் கிடக்கும் அந்நியன் ஒருவனை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தூக்கிப் போய் ஒரு மெத்தையில் கிடத்துவார்கள். படத்தில் பேச்சே குறைவு. கல்லூரிக் காலத்தில் பாதியில் நிறுத்திய படம். அந்த ஞாயிறு இரவு முழுவதும் பார்த்தேன்.

ம்பாக் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்வி ஒன்று: "பெத்தா, டெக்?" எங்கள் பேச்சு மலாயில் புழங்காத சொல். ஓரிடத்தில் இருக்கப் பிடித்திருக்கிறதா, இருப்புக் கொள்கிறதா என்று கேட்பது. மகிழ்ச்சியாக இருக்கிறாயா என்று கேட்பதல்ல. சோகமாக இருந்துகொண்டேகூட ஓரிடத்தில் பெத்தாவாக இருக்கலாம் என்றார். எங்கள் பாட்டி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறிப் போன கதைகளைச் சொல்லும்போது, "ஒரு வருசம் தண்ணியே ஒத்துக்கல, அப்புறம் ஒத்துக்கிச்சு" என்பார். ஒத்துக்கொள்வது ஊர்தான், நாமில்லை. அந்த இலக்கணம் எனக்குப் பிடித்திருக்கிறது. நாம் எவ்வளவு முயன்றாலும் தண்ணீரும் கொஞ்சம் மனசு வைக்க வேண்டும். யூ வளைகோட்டில் ஊருக்கு எந்த வேலையும் இல்லை, பாருங்கள்.

அந்த வருடத் தீபாவளி அக்டோபர் 31. தைவான் முழுவதற்கும் விடுமுறை. கோங்-ரே சூறாவளி கிழக்குக் கரையில் ஏறிய நாள் அது. ஆலை நிற்காது, ஆனால் அன்று என் முறை இல்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்து இந்தோனேசியக் கடையில் முதல் நாளே ஹலால் கோழி, மஞ்சள்தூள், புளி, தேங்காய்ப்பால் எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். கறிவேப்பிலை மட்டும் கிடைக்கவில்லை. கோழிப் பெரட்டல் செய்து, சம்பலோடு ஒரு போத்தலில் அடைத்து, புடவை கட்டி, அதன்மேல் மழைக்கோட்டு மாட்டி, இருபது அடி தள்ளி இருக்கும் அந்த வீட்டுக்கு ஓடினேன். பாட்டி என் புடவை நுனியைப் பிடித்துப் பிழிந்துவிட்டார். நல்ல ஈரம்.

2025 மார்ச்சில் பாட்டி இறந்தார். உறக்கத்தில். தெருவில் பந்தல் போட்டு ஏழு நாள் வைத்திருந்தார்கள். ம்பாக் அழுததைப் பார்த்து வீட்டு மருமகளே கொஞ்சம் சங்கடப்பட்டார். பராமரிக்கும் ஆள் இறந்துவிட்டால் பராமரிப்பவரின் வேலையும் அத்தோடு முடிந்தது. குறிப்பிட்ட நாட்களுக்குள் புது முதலாளி அமையாவிட்டால் நாடு திரும்ப வேண்டும். சடங்கு முடிந்த மறுநாளே முகவர் கைப்பேசியில் அவர் படத்தை அனுப்பத் தொடங்கினார். எடை, உயரம், வயது, எத்தனை பேரைத் தூக்குவார். மூன்றாவது வாரம் சாங்ஹுவாவில் ஒரு தாத்தா கிடைத்தார். ஒரே பெட்டி. சட்டியில் வளர்த்த பாண்டான் செடியை என்னிடம் விட்டுப் போனார். காற்றுக்கு அது நிற்கவில்லை, குளியலறைக்குள் வைத்திருக்கிறேன்.

என் ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். "கூலிம்ல வேலைக்கா பஞ்சம், நாளுக்கு ஒரு பேக்டரி தொறக்குறான்," என்கிறார் அம்மா. உண்மைதான். அம்மா சொல்லாமல் விடுவது வரன் விஷயம், அதுவும் தெரியும். நான் ஒரு வருடம் என்று திருத்தி அனுப்பியிருக்கிறேன், அவர்கள் ஒப்புக்கொண்டால் இருப்பேன். ஒப்புக்கொள்ளாவிட்டால் கூலிம். இரண்டில் எதுவென்றாலும் தூக்கம் வருகிறது இப்போது.

தெருவில் இன்னொரு பெண் புதிதாக வந்திருக்கிறாள். லம்போங்காம். இருபத்துமூன்று வயது, லாரி வரும்போது மறுசுழற்சிப் பையையும் குப்பைப் பையையும் மாற்றி மாற்றி நீட்டுகிறாள். என்னை 'காக்' என்று கூப்பிடுகிறாள், மலேசியக் கணக்கில். திருத்தவில்லை.

ம்பாக் நேற்றுக் குரல் செய்தி அனுப்பினார். பின்னணியில் லாரி. அங்கே ஃபூர் எலிஸ்தானாம், நேரமும் எட்டரை, அதனால் சீரியல் பாதியில் நின்றுவிடுகிறது என்று ஒரே புலம்பல். அவருக்கு விடுமுறை மாதத்தின் மூன்றாம் ஞாயிறு. சின்ச்சுவிலிருந்து தெற்கே போகும் ரயில்பாதை சூனானில் மலைவழி, கடல்வழி என்று இரண்டாகப் பிரிந்து சாங்ஹுவாவில் மறுபடி சேர்கிறது. கடல்வழி வண்டியில் வா, மெதுவாகப் போகும், ஆனால் ஜன்னலில் கடல் தெரியும் என்கிறார். சம்பல் கொண்டுவரச் சொன்னார். தீபாவளிக்குக் கொடுத்த போத்தல் அவரிடம்தான் இருக்கிறது, கழுவி வைத்திருக்கிறாராம்.